வங்குரோத்துக்குப் போகும் முன் சொத்தும் சொந்தக்காரர் கடனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் கடை நடத்தியவர்களும் மரக்கறி செய்தவர்களும் லீசிங்கில் வாகனம் எடுத்தவர்களும், கடன் கைமீறிப் போனபின் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பெரும்பாலானவர்களின் மனதில் ஓடுவது இரண்டே யோசனைதான்: மாமாவின் காசை முதலில் கொடுத்துவிடுவது, வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடுவது. நல்ல எண்ணத்தில் செய்யும் இந்த இரண்டு காரியமும் கடைசியில் மாமாவையும் தம்பியையும்தான் கோர்ட்டுக்கு இழுக்கின்றன. அதனால் அவற்றுக்கே இங்கே கூடுதல் இடம். சட்டத்தரணியிடம் போவதற்கு முன் வாசிப்பதற்காக இதைத் தொகுத்திருக்கிறோம். இதை வாசித்துவிட்டு அவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

வங்குரோத்து வங்குரோத்துன்னு சொல்றாங்களே, தனி ஆளுக்கு அப்படி ஒரு சட்டம் நம்ம நாட்டுல இருக்கா?

இருக்கிறது. இலங்கையின் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம் என்பதால் நடைமுறை பழையது, இதை நாடுகிறவர்களும் குறைவு. விண்ணப்பம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். கடன்பட்டவரும் போடலாம், கடன் கொடுத்தவரும் போடலாம்.

நீதிமன்றம் ஒருவரை வங்குரோத்தானவர் என்று தீர்மானித்தால் அவருடைய சொத்தெல்லாம் அசைனி என்ற பொறுப்பாளரின் கைக்குப் போகும். அவர் அதை விற்று, கடன் கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுப்பார். கடன்பட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தி, காசு எங்கே போனது, யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று சத்தியத்தின் பேரில் விசாரிப்பார்கள். முடிவில் கிடைக்கும் சான்றிதழ்தான் பழைய கடனிலிருந்து விடுதலை தருவது. அதில் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு உண்டு. தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தவருக்கு முதலாம் வகுப்பு. தன் நடத்தையால் விழுந்தவருக்குக் கீழ் வகுப்பு, அல்லது சான்றிதழே மறுக்கப்படலாம். இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் ஒவ்வொரு தவறும் அந்தச் சான்றிதழில்தான் வந்து நிற்கும்.

கடன் கட்டலைன்னா பொலிஸ் புடிச்சிட்டுப் போகுமா?

வெறுமனே கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை. அது சிவில் வழக்கு. கலெக்ஷனுக்கு வருகிறவர் “பொலிஸில் போடுவோம்” என்று மிரட்டினால் அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

காசோலை வேறு கதை. கணக்கில் காசு இல்லை என்று தெரிந்தே காசோலை எழுதிக் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் மீட்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி குற்றம். சிறைத்தண்டனை வரை போகும். ஆகவே சொந்தக்காரரைச் சமாதானப்படுத்த பின்னொரு திகதியிட்ட காசோலை எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். வங்குரோத்துச் சான்றிதழ் கடனைத் தீர்க்கும், குற்ற வழக்கைத் தீர்க்காது.

கோர்ட்டுக்குப் போகாம வேற வழியே இல்லையா?

உண்டு, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வங்கியிடமும் லீசிங் கம்பனியிடமும் தவணையை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் கோப்பில் ஏறாது. சிறிய கடன் தகராறுகளுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே எழுதப்படும் இணக்கத்தில் மாதம் எவ்வளவு கட்ட முடியுமோ அதை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். வெட்கத்துக்காகக் கூட்டிச் சொன்ன தொகை மூன்றாவது மாதம் உடைந்துவிடும்.

காணியை ஈடு வைத்தவர்களும், “இத்தனை காலத்துக்குள் காசைக் கட்டினால் திருப்பி எழுதித் தருவேன்” என்ற நிபந்தனையில் உறுதி (காணிப் பத்திரம்) எழுதிக் கொடுத்தவர்களும் கடன் இணக்க சபையை அறிந்திருக்க வேண்டும். 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. நிபந்தனை உறுதி என்றால் மீட்கும் காலம் முடிவதற்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். உறுதியில் உள்ள அந்தத் திகதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

மாமா கைமாத்தா குடுத்த ஆறு லட்சத்தை மட்டும் முதல்ல குடுத்துட்டு அப்புறம் பைல் பண்றேன். என் காசு, யாருக்குக் குடுத்தா என்ன?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான். எல்லாக் கடனையும் கட்ட முடியாத நிலை வந்துவிட்டால், கையில் மிஞ்சியிருப்பது எல்லாக் கடன்காரருக்கும் பொதுவானது என்று சட்டம் பார்க்கிறது. வங்குரோத்து வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே, ஒருவரை மட்டும் காப்பாற்றும் எண்ணத்தில், கேட்காமலே தானாகக் கொடுத்தால் அதை மோசடியான முன்னுரிமை என்பார்கள். வாங்கியவர் சொந்தக்காரர் என்றால் சந்தேகம் இன்னும் கூடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தக் கடன் 40 லட்சம், விற்கக்கூடிய சொத்து 10 லட்சம் என்று வைப்போம். சமமாகப் பிரித்தால் ரூபாய்க்கு 25 சதம். மாமாவின் 6 லட்சத்துக்கு ஒன்றரை லட்சம் கிடைக்கும். நீங்கள் முதலிலேயே 6 லட்சத்தையும் கொடுத்துவிட்டால் மிச்சம் 4 லட்சத்தை 34 லட்சக் கடன்காரர்கள் பிரிக்க வேண்டும். ரூபாய்க்கு 12 சதம்கூட இல்லை. அவர்கள் சும்மா இருப்பார்களா?

அசைனி மாமாவிடம் அந்த 6 லட்சத்தைத் திருப்பிக் கேட்பார். மாமா அதில் மகளின் கல்யாணத்தை முடித்திருந்தாலும் “செலவாகிவிட்டது” என்ற பதில் போதாது. அவர் சட்டத்தரணி பிடித்து வழக்குப் பேச வேண்டும், தோற்றால் செலவும் அவர் தலையில். அதற்குப் பிறகு அவரும் மற்றவர்களோடு வரிசையில் நின்று அந்த ஒன்றரை லட்சத்தைக் கேட்க வேண்டியதுதான். மாமாவுக்கு உதவுகிறோம் என்று நினைத்துச் செய்தது அவருக்கு ஒரு வழக்கைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கும்.

அப்போ சொந்தக்காரங்க குடுத்தது கடனே இல்லையா? அவங்களுக்கு ஒண்ணுமே கிடைக்காதா?

கடன்தான். விண்ணப்பத்துக்காக வங்கிக் கடனை எழுதும் அதே கடன் பட்டியலில் மாமாவின் பெயரையும் எழுத வேண்டும். விட்டுவிட்டால் அவருக்குப் பங்கு கிடைக்காமல் போகலாம், நீங்களும் கடனை மறைத்தவர் ஆவீர்கள். சொந்தக்காரர் தன் கடனை நிரூபிக்க வேண்டும்: வங்கியில் போட்ட சிட்டை, வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ரசீது, அந்த நாட்களில் பரிமாறிய வட்ஸ்அப் செய்திகள், காசு கைமாறும்போது அருகில் இருந்தவரின் சத்தியக் கடதாசி. டுபாயில் வேலை செய்யும் தங்கை அனுப்பிய காசு என்றால் அவளிடம் இருக்கும் ரசீதுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த ரசீதில் எழுத்து அழிந்துவிடும்.

எழுத்தில ஒண்ணும் இல்ல. இப்போ பழைய தேதி போட்டு ஒரு புரோநோட்டு எழுதிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பொய்த் திகதியிட்ட ஆவணம் கள்ள ஆவணம். அதைக் காட்டினால் உண்மையான கடனையும் யாரும் நம்பமாட்டார்கள். முத்திரையும் பேனா மையும் சாட்சியின் அடையாள அட்டையும் எளிதில் காட்டிக்கொடுக்கும். இன்றைய திகதியிட்டு, “இந்த ஆண்டு இந்த மாதம் இவ்வளவு காசு இந்த வழியில் பெற்றேன், இவ்வளவு கட்டினேன், இவ்வளவு பாக்கி” என்று உள்ளதை உள்ளபடி எழுதுவதில் தவறில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி வாய்மொழிக் கடனுக்கு 3 ஆண்டு, எழுத்திலுள்ள கடனுக்கு 6 ஆண்டு, ஈட்டு உறுதிக்கு 10 ஆண்டு. இடையில் ஒரு பகுதி கட்டியிருந்தாலோ எழுத்தில் ஒத்துக்கொண்டிருந்தாலோ கணக்கு மறுபடி தொடங்கும். காலம் கடந்துபோன மாமாவின் கடனை வங்குரோத்துக்கு ஒரு வாரம் முன்னர் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால், மற்றக் கடன்காரர்கள் அதையும் கேள்வி கேட்பார்கள். அப்படி எழுதும் முன் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

குடுத்துட்டு ஒரு வருஷம் பொறுத்திருந்தா போதும்னு யூடியூப்ல சொன்னாங்களே?

அது அமெரிக்கச் சட்டம். அங்கே சாதாரணக் கடன்காரருக்கு 90 நாள், உறவினருக்கு ஒரு வருடம் என்று பின்னோக்கிப் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் 6 மாதம், உறவினர் என்றால் 2 வருடம். நம் ஊர் வழக்கை அந்த நாட்கணக்கு எதுவும் கட்டுப்படுத்தாது. இங்கே கேட்கும் கேள்வி: கொடுத்த நேரத்தில் உங்கள் நிலை என்ன, எந்த எண்ணத்தில் கொடுத்தீர்கள்?

வீட்டைத் தம்பி பேருக்கு எழுதி வச்சுட்டா தப்புமா?

தப்பாது. காணி கைமாறுவது நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு, உறுதி எழுதித்தான் நடக்கும். அந்த உறுதி காணிப் பதிவகத்தில் திகதியோடு பதிவாகிறது. கடன்காரரின் சட்டத்தரணி முதலில் தேடும் இடமே அதுதான்.

கடன்காரரை ஏமாற்றக் கைமாற்றிய சொத்தைத் திருப்பி எடுக்க நம் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டத்தில் பவுலியன் வழக்கு என்று ஒன்று உண்டு. வங்குரோத்து விண்ணப்பம் இல்லாமலே அதைத் தொடுக்கலாம். நன்கொடை உறுதியாக இருந்தால் தம்பிக்கு உங்கள் கடன் தெரியாவிட்டாலும் அது ரத்தாகலாம். விற்பனை உறுதி என்றால் தம்பிக்கு விஷயம் தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும். ஒரே வீட்டில் வளர்ந்த தம்பிக்குத் தெரியாது என்று யார் நம்புவார்கள்? உறுதியில் “25 லட்சம் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதியிருந்தால் அந்த 25 லட்சம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்றும் கேட்பார்கள். ஆயுள் உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு எழுதுவதும் இதே கணக்குத்தான்.

உண்மையிலேயே விற்க வேண்டும் என்றால் மதிப்பீட்டாளர் அறிக்கை எடுத்து, சந்தை விலைக்கு, வங்கி மூலம் காசு வாங்கி விற்கலாம். வாங்குகிறவர் தம்பியாக இருந்தாலும் பரவாயில்லை. வந்த காசு எங்கே போனது என்பதற்கும் கணக்கு இருக்க வேண்டும்.

வங்கிக்கு ஈடு வைத்த காணி என்றால் வங்கியின் உரிமை வங்குரோத்துக்கு வெளியேயும் தொடரும். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கிகள் வழக்கில்லாமலே ஏலம் போடும் பராட்டே அதிகாரம், 2011ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மூலக்கடன் 50 லட்சத்துக்குக் குறைந்தால் செல்லாது.

லயத்து வீட்டை எடுத்துக்குவாங்களா?

தோட்டத்தில் இருக்கக் கொடுத்த லயக் காம்பரா உங்கள் சொத்து இல்லை, ஆகவே உங்கள் கடனுக்காக அதை யாரும் விற்க முடியாது. ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீடு என்றால் கையில் இருக்கும் ஆவணத்தைப் பொறுத்தது. சிலரிடம் உறுதி இருக்கிறது, சிலரிடம் கடிதம் மட்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் தந்த அனுமதிப்பத்திரமோ அளிப்போ என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்றுவது செல்லாது. அப்படிப்பட்ட காணியை அவசரத்தில் வட்டிக்காரருக்கு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தவர்கள் அந்தத் தாளையும் சட்டத்தரணியிடம் காட்ட வேண்டும்.

சம்சாரத்தோட நகையும் போயிடுமா?

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. பொதுச் சட்டம்தான். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி மனைவியின் சொத்து மனைவிக்கே சொந்தம். தாய்வீட்டில் போட்ட நகையும் அவர் கொழுந்து பறித்துச் சேர்த்து வாங்கியதும் உங்கள் கடனுக்குப் போகாது. கடன் ஏறிய பிறகு நீங்கள் வாங்கிப் போட்ட நகைக்கு மேலே சொன்ன நன்கொடைக் கேள்வி வரும்.

அடகுச் சீட்டை நன்றாகப் பாருங்கள். யாருடைய பெயர், எத்தனை கிராம், எவ்வளவு எடுத்தது, மீட்கும் கடைசித் திகதி எது? மனைவியின் 3 பவுன் சங்கிலி, அதாவது 24 கிராம், வசதிக்காக உங்கள் பெயரில் அடகு வைக்கப்பட்டிருந்தால் அது மனைவியுடையது என்று காட்ட கல்யாணப் படமும் நகைக்கடைப் பற்றுச்சீட்டும் உதவும். உங்கள் சொந்த நகை என்றால், இன்றைய பெறுமதியிலிருந்து அடகுக் காசையும் வட்டியையும் கழித்து மிஞ்சுவது உங்கள் சொத்து. அதைப் பட்டியலில் எழுத வேண்டும். சீட்டைச் சித்தியிடம் கொடுத்து “நீங்களே மீட்டுக்கொள்ளுங்கள்” என்பது, அந்த மிச்சத்தைச் சித்திக்குக் கொடுப்பதற்குச் சமம்.

த்ரீவீல் லீசிங்ல ஓடுது. வித்துட்டு வீட்டுக் கடனைக் கட்டலாமா?

லீசிங் முடியும் வரை வாகனம் கம்பனியுடையது. அவர்கள் சம்மதம் இல்லாமல் விற்பதும் பாகங்களைக் கழற்றி விற்பதும் குற்ற வழக்கில் கொண்டுபோய் விடும். கட்ட முடியவில்லை என்றால் எழுத்தில் அறிவித்து, வாகனத்தின் நிலையைப் படம் எடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைக்கலாம். விற்றபின் மிஞ்சும் பாக்கி பட்டியலில் சேரும்.

வாகனம் மச்சான் பெயரில், தவணை கட்டுவது நீங்கள் என்றால் உண்மையை அப்படியே சொல்லுங்கள். ஒருவர் காசு கொடுத்து இன்னொருவர் பெயரில் வாங்கிய சொத்து காசு கொடுத்தவருக்கே உரியதாகலாம் என்று 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. மச்சான் தொழுவத்தில் நிற்கும் உங்கள் பால் மாடும் அப்படித்தான். நிற்பது அவர் இடத்தில், எழுத வேண்டியது உங்கள் பட்டியலில்.

ஈ.பி.எப். காசை எடுத்து எல்லாருக்கும் குடுத்து முடிச்சிடலாமா?

அவசரப்படாதீர்கள். தொழிலாளியின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேரும் அந்தக் காசு ஊழியர் சேமலாப நிதியில் (ஈ.பி.எப்.) இருக்கும்வரை சாதாரணக் கடன்காரர் கைவைக்க முடியாத பாதுகாப்பு உடையது. எடுத்து வங்கிக் கணக்கில் போட்டபின் அது சாதாரணக் காசு. வயதுகாலத்துக்கு இருக்கும் ஒரே காசை, எப்படியும் முழுதாகத் தீராத கடனில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்பவர்களைப் பார்ப்பது மனதுக்குக் கஷ்டம்.

அப்போ என்னதான் செய்யலாம்? அரிசி வாங்கக்கூட காசு எடுக்கக் கூடாதா?

எடுக்கலாம். சாப்பாடு, மின்சாரம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, மருந்து, வாடகை, சட்டத்தரணி கட்டணம் எல்லாம் நியாயமான செலவு. கடையில் இருக்கும் சாமானை வழக்கமான விலைக்கு வழக்கம்போல் விற்கலாம். கரட்டும் லீக்ஸும் பிடுங்கும் பருவத்தில் பிடுங்கித்தான் ஆக வேண்டும். லொறிக்காரரின் சிட்டையைப் பத்திரப்படுத்தினால் போதும். உடுப்பு, படுக்கை, தொழிலுக்கான கருவி போன்றவை சிவில் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 218ஆம் பிரிவில் பறிமுதலிலிருந்து விலக்கப்பட்டவை. பயந்து தையல் மெஷினை அடுத்த வீட்டில் ஒளிக்க வேண்டியதில்லை.

கூடாதது இதுதான்: கட்ட முடியாது என்று தெரிந்தே புதுக் கடன் எடுப்பது, கடனுக்குச் சரக்கு எடுத்து அடிமாட்டு விலைக்குத் தள்ளுவது, கணக்குக் கொப்பியைத் தொலைப்பது.

அண்ணன் பிணைக் கையெழுத்து போட்டிருக்காரு. அந்தக் கடனை மட்டும் முடிச்சா அவர் தப்பிடுவாருல்ல?

உங்கள் எண்ணம் அண்ணனைக் காப்பாற்றுவது என்றால், காசு வங்கிக்குப் போனாலும் அதுவும் மாமாவின் கேள்வியில் சொன்ன முன்னுரிமைதான். உங்களுக்குச் சான்றிதழ் கிடைத்தாலும் பிணையாளியின் பொறுப்பு நீங்காது. அதனால் அண்ணனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அவர் தன் பெயரில் வங்கியோடு தவணை பேச நேரம் கிடைக்கும். அவர் கட்டிய தொகைக்கு அவரும் உங்கள் கடன்காரராகப் பட்டியலில் வருவார். பெண்கள் எடுக்கும் குழுக் கடனிலும் இதே நிலைமைதான். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் கதவைத் தட்டுவார்கள். மறைந்து திரிவதைவிட முன்கூட்டியே சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

குடுத்துட்டேனே! போன மாசமே சித்தப்பாவுக்கு ரெண்டு லட்சம் குடுத்துட்டேன்.

மறைக்காதீர்கள். சட்டத்தரணியிடம் திகதி, தொகை, வழி மூன்றையும் சொல்லுங்கள். சித்தப்பா திருப்பித் தர முடிந்தால் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கில், “இன்ன திகதியில் எனக்குத் தரவேண்டிய கடனுக்காகப் பெற்ற தொகையைத் திருப்பிக் கொடுக்கிறேன்” என்ற கடிதத்தோடு போடச் சொல்லுங்கள். கையில் வாங்கி இன்னொரு உறவினரிடம் வைத்தால் ஒரு தவறு இரண்டாகும். தானாகச் சொன்ன கொடுப்பனவை நீதிமன்றம் ஒருவிதமாகப் பார்க்கும், விசாரணையில் தோண்டி எடுத்ததை வேறுவிதமாகப் பார்க்கும்.

மாமா என் மேல கேஸ் போட்டு வாங்கிக்கட்டும். அப்போ நானா குடுத்ததா ஆகாதே?

கடன்காரர் உண்மையாகவே நெருக்கிக் கேட்டு, அந்த அழுத்தத்தில் கொடுத்தது தானாகக் கொடுத்ததாக ஆகாது என்ற வாதம் சட்டத்தில் உண்டு. ஆனால் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வழக்குப் போடுவது அழுத்தம் இல்லை. தன் சொத்தைத் தானே ஏற்பாடு செய்து இன்னொருவர் கைப்பற்ற விடுவது வங்குரோத்துக்கு ஆதாரமான செயல்களில் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. ஒரே சட்டத்தரணி இரண்டு பக்கமும் எழுதியது, வழக்கின் முதல் தவணை நாளிலேயே கடனை ஒத்துக்கொண்டது, மற்ற வழக்குகளில் மட்டும் காலம் கேட்டது என்று எல்லாம் கோப்பில் தெரியும்.

சட்டத்தரணிகிட்ட போகும்போது என்ன எடுத்துட்டுப் போகணும்? காசில்லாதவங்க எங்க போறது?

கடன் பட்டியல் ஒன்று: பெயர், முதல் வாங்கிய திகதி, தொகை, கட்டியது, பாக்கி, பிணையாளி யார். சொந்தக்காரர், சீட்டுப் பாக்கி, கடைக்கொப்பிக் கடன், தீபாவளி அட்வான்ஸ் எதையும் விட வேண்டாம். சொத்துப் பட்டியல் ஒன்று, உங்கள் பெயரில் இருப்பதும் பிறர் பெயரில் இருப்பதும். மூன்று வருட வங்கிக் கூற்று, அடகுச் சீட்டுகள், லீசிங் ஒப்பந்தம், உறுதிகளின் பிரதி, வந்த அறிவித்தல்கள், கிரிப் எனும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை. கிரிப் அறிக்கையை உங்கள் அடையாள அட்டையைக் காட்டி நீங்களே எடுக்கலாம். மறந்துபோன பிணைக் கையெழுத்துகூட அதில் தலைகாட்டும்.

கட்டணம் கொடுக்க வழியில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைக் காட்டும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் சம்பளச் சிட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். நீதிமன்ற அறிவித்தல் வந்திருந்தால் அதில் உள்ள தவணைத் திகதிக்கு முன்னரே போங்கள்.